மேட்டில் யார் முந்துவார்?

சைக்கிள் பந்தயத்தின் வெற்றிக்கோடு மலைமேல் இருந்தால், யார் ஜெயிப்பார் என்பது ஓரளவுக்குக் கணக்கில் அடங்கும் கேள்வி. அதே பந்தயம் சமதளத்தில் முடிந்தால் கணக்கு அவ்வளவாக உதவாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் திருவண்ணாமலை தோதான ஊர். அண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், பெரும்பகுதி சமதளம். மலையின் உச்சியோ கடல்மட்டத்திலிருந்து 2,668 அடி உயரத்தில் இருக்கிறது. கிரிவலப் பாதையில் ஐம்பது பேர் சைக்கிள் பந்தயம் விட்டால், அவர்களில் பலசாலி யார் என்பது கடைசி 200 மீட்டர் வரை வெளியே தெரியாது. அதுவரை அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் அடக்கமாக வந்தவர்கூடத் திடீரென்று முன்னே பாய்ந்து ஜெயித்துவிடலாம். உச்சிக்கு வண்டிச் சாலை கிடையாது, நடைவழிதான். அப்படி ஒரு சாலை இருந்து பந்தயம் அங்கே முடிவதாக வைத்துக்கொண்டால், பாதி மலை ஏறுவதற்குள் ஐம்பது பேரும் அவரவர் பலத்தின் வரிசையில் தனித்தனியாகச் சிதறியிருப்பார்கள்.

இதற்குக் காரணம் காற்று. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர் செலவிடும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எதிரே இருக்கும் காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி வந்தால், காற்றை அவர் கிழித்துக்கொடுக்கிறார். பின்னால் வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு வரை மிச்சமாகிறது. அதனால்தான் சமதளப் பந்தயத்தில் நூறு பேர் தேனீக்கூட்டம்போல ஒன்றாகவே நகர்கிறார்கள். 8 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் முன்னே போனால் 8 மீட்டர் உயரும் சாலையில், உலகின் மிகச் சிறந்த வீரர்களே மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில்தான் ஏறுகிறார்கள். அந்த வேகத்தில் காற்று தின்பது பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. மீதி எல்லாம் உடலையும் வண்டியையும் மேலே தூக்குவதற்கே செலவாகிறது. அடுத்தவர் முதுகு தரும் மறைவு அங்கே நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குத்தான் உதவும். ஒளிந்துகொள்ள இடமில்லாத பந்தயம் என்பதால்தான் அதை முன்கணிக்க முடிகிறது.

தூக்குவது என்றால் எடை கணக்குக்கு வந்துவிடும். கார்த்திகை தீபத்துக்காகக் கொப்பரையையும் நெய்யையும் மலை உச்சிக்குத் தோளில் சுமந்து ஏற்றுபவர்களுக்கு ஒவ்வொரு கிலோவின் விலையும் முழங்காலில் தெரியும். சைக்கிள் வீரருக்கும் அப்படியே. அதனால் மலைப் பந்தயத்தில் ஒருவருடைய பலத்தை வெறும் வாட் கணக்கில் சொல்வதில்லை. அதை அவருடைய உடல் எடையால் வகுத்து, கிலோவுக்கு எத்தனை வாட் என்று சொல்கிறார்கள். வார இறுதிகளில் ஒழுங்காகப் பயிற்சி செய்யும் ஒருவர் அரை மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 3 வாட் தருவார் என்றால், அவர் 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வேகத்தில் போவார். கிலோவுக்கு 6 வாட் தரும் தொழில்முறை வீரர் அதே மேட்டில் 20 கிலோமீட்டரைத் தொடுவார். 500 மீட்டர் உயரம் ஏறும் சாலையில் முன்னவருக்கு 34 நிமிடம் ஆகும் என்றால் பின்னவருக்குப் பத்தொன்பதே போதும்.

வண்டியின் எடையும் இதே கணக்கில்தான் சேரும். உலக சைக்கிள் சங்கத்தின் விதிப்படி பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. நம் ஊர்களில் பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் ஓட்டும் சாதாரண சைக்கிள் 20 கிலோவை நெருங்கும். 55 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவர் 8 கிலோ பந்தய வண்டியை விட்டு அந்தச் சைக்கிளில் ஏறினால், கால்பலம் கொஞ்சமும் குறையாமலே மேட்டில் அவருடைய வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஊர்ப் பந்தயங்களில் யார் ஜெயிப்பார் என்று ஊகிப்பவர் முதலில் பார்க்கவேண்டியது வண்டியைத்தான். மேட்டுக்கு ஏற்ற சிறிய கியர் வண்டியில் இருக்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம். கியர் இல்லாத வண்டியில் செங்குத்தான இடம் வந்ததும் எழுந்து நின்று மிதிக்கவேண்டியிருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் அப்படி நின்றே மிதித்து, அதன்பின் வேகம் குறையாதவர்கள் மிகச் சிலர்.

ஒருவர் எத்தனை வாட் தருகிறார் என்பதை அளக்கப் பெடலிலோ அச்சிலோ பொருத்தும் பவர் மீட்டர்கள் இருக்கின்றன. ஆனால் போட்டியாளர்கள் அந்த எண்களை எல்லோருக்கும் காட்டுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மலையின் உயரத்தையும் ஏறிய நேரத்தையும் தெரிந்துகொண்டால், மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறினார் என்று கிடைத்துவிடும். அந்த எண்ணை, சாய்வு சதவீதத்தைப் பத்தால் பெருக்கி 200-ஐக் கூட்டி வருகிற தொகையால் வகுத்தால், கிலோவுக்கு எத்தனை வாட் என்பது ஏறக்குறைய வந்துவிடும். இந்தச் சூத்திரத்தைப் பரப்பியவர் இத்தாலிய மருத்துவர் மிக்கேலே ஃபெராரி. வீரர்களுக்கு ஊக்கமருந்து வழங்கிய குற்றத்துக்காக 2012-ல் அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. ஆள் கறைபட்டவர் என்றாலும் அவருடைய கணக்கு இன்றும் எல்லோர் கையிலும் இருக்கிறது.

அதை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். பிரான்ஸின் பிரனீஸ் மலையில் உள்ள பிளாட்டோ தெ பெய் 15.8 கிலோமீட்டர் நீளம், சராசரி 7.9 சதவீத ஏற்றம். உயரக் கணக்கில் சுமார் 1,250 மீட்டர். 2024 ஜூலை 14 அன்று டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சார் அதை 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறினார். மணிக்கு ஏறக்குறைய 1,880 மீட்டர். சாய்வுக்கான 279-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 6.7 வாட்டைத் தாண்டுகிறது. 1998-ல் இத்தாலியின் மார்கோ பான்டானி அதே மலையில் எடுத்துக்கொண்டது 43 நிமிடத்துக்கு மேல், 6.2 வாட் வருகிறது. இருபத்தாறு ஆண்டு இடைவெளியில் வண்டி, சாலை, உணவு, பயிற்சி, காற்றின் திசை எல்லாமே மாறிவிட்டதால் இரண்டு காலத்து வீரர்களை இந்த எண்ணைக் கொண்டு தரம்பிரிப்பது சரியாகாது. ஒரே பருவத்தில், ஒரே மாதிரி மலைகளில், ஒரே கூட்டத்தோடு ஓட்டுகிறவர்களை ஒப்பிட மட்டும் இதை நம்பலாம். முன்கணிப்புக்கு அது போதும்.

மலை எத்தனை நிமிட மலை என்பதுதான் அடுத்த கேள்வி. ரசிகர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான். மனித உடலில் இரண்டு வகைச் சக்தி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று, மூச்சு சீராக இருக்கும்போது நெடுநேரம் தரக்கூடியது. ஊற்றுநீர்போலச் சுரந்துகொண்டே இருக்கும். இன்னொன்று அதற்குமேல் தம் கட்டி எடுப்பது. குடத்துநீர்போல அளவுக்கு உட்பட்டது. குடம் காலியானால் ஊற்றின் வேகத்துக்கு இறங்கியே ஆகவேண்டும். நீண்ட மலையில் ஊற்று பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார். குட்டையான செங்குத்து மேட்டில் குடம் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒல்லியானவர் ஒருவர்: எடை 58 கிலோ, ஊற்று 265 வாட், குடம் 12 கிலோஜூல். கட்டுமஸ்தானவர் ஒருவர்: எடை 74 கிலோ, ஊற்று 310 வாட், குடம் 24 கிலோஜூல். இருவருக்கும் வண்டியும் உடையும் சேர்த்து 9 கிலோ. 6 கிலோமீட்டர் நீளமுள்ள 8 சதவீத மேட்டில் இவர்களை விட்டால், ஒல்லியானவர் 22 நிமிடம் 16 நொடியில் மேலே இருப்பார். கட்டுமஸ்தானவர் அரை நிமிடத்துக்கு மேல் பிந்திவிடுவார். அதே இருவரை 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள 10 சதவீத மேட்டில் விட்டால் முடிவு தலைகீழாகிறது: கட்டுமஸ்தானவர் 4 நிமிடம் 37 நொடி, ஒல்லியானவர் 12 நொடி பின்னால். மேடு இன்னும் செங்குத்தாக இருந்தும் எடை கூடியவர் ஜெயிக்கிறார். ஒல்லியானவர்தான் மலையில் கெட்டிக்காரர் என்ற பொதுநம்பிக்கை ஐந்து நிமிட மேட்டில் பலிக்காது.

இந்தக் குட்டை மேட்டு வகைக்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு பெல்ஜியத்தின் ஊயி நகரில் உள்ள ‘மூர் தெ ஊயி’. 1.3 கிலோமீட்டர் நீளம், சராசரி 9.6 சதவீதம், ஒரு வளைவில் மட்டும் 20 சதவீதத்தையும் தாண்டும் செங்குத்து. உச்சியில் ஒரு மாதா கோயில். அதற்குப் போகும் யாத்திரைப் பாதையில் வழிநெடுகச் சிறு வழிபாட்டுக் குடில்கள். கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சாலை அந்நியமாகத் தோன்றாது. ஆண்டுதோறும் ஏப்ரலில் ஃப்ளெஷ் வலோன் பந்தயம் இந்த மேட்டின் தலையில்தான் முடிகிறது. ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ வல்வெர்தே 2006-லும், பிறகு 2014 முதல் 2017 வரை தொடர்ந்தும் இங்கே ஜெயித்தார். பிரான்ஸின் ஜூலியன் அலாஃபிலிப் 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் ஜெயித்தார். பெண்கள் பந்தயத்தில் நெதர்லாந்தின் அன்னா வான் தெர் பிரெகன் 2015 முதல் 2021 வரை ஏழு ஆண்டும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மோதும் விளையாட்டில் ஒரே பெயர் ஏழு முறை வருவது சாதாரணமல்ல. மேடு மாறவில்லை, அதற்குத் தேவைப்படும் உடலும் மாறவில்லை. அதனால் கடந்த ஆண்டு இதே மேட்டில் முதல் பத்துக்குள் வந்தவர்களின் பட்டியலே இந்த ஆண்டுக்கான முதல் தரக் கணிப்பு.

அதே பந்தயம் 2024-ல் கணித்தவர்களைக் கைவிட்டது. அன்று உறையவைக்கும் மழை பெய்தது. புறப்பட்டவர்களில் பெரும்பாலானோர் குளிர் தாங்காமல் பாதியிலேயே விலகினார்கள். எஞ்சிய கூட்டத்திலிருந்து பிரிட்டனின் ஸ்டீஃபன் வில்லியம்ஸ் முன்னே வந்து ஜெயித்தார். மேடு மாறாவிட்டாலும் அதன் அடிவாரத்துக்கு வந்துசேரும் உடல்கள் மாறிவிட்டிருந்தன. மலையடிவாரத்துக்கு வருவதற்கு முந்தைய நாலைந்து மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதைக் கணக்கில் எடுக்காத முன்கணிப்பு பாதி முன்கணிப்புதான்.

புத்துணர்ச்சியோடு ஏறினால் கிலோவுக்கு 6 வாட் தரும் இருவரில், 150 கிலோமீட்டர் ஓட்டி முடித்தபின் ஒருவர் 5.8 வாட் தருவார், மற்றவர் 5.4 வாட்டுக்கு இறங்கிவிடுவார். களைத்த பிறகும் குறையாத பலமே தொழில்முறை வீரர்களுக்குள் உயர்ந்தவரைப் பிரித்துக்காட்டுகிறது என்பது பயிற்சியாளர்கள் இன்று பெரிதும் கவனிக்கும் விஷயம். சாப்பாடும் இதில் சேரும். தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்தால், எத்தனை பெரிய ஆளானாலும் கால் கனத்துப்போகும். 2022 ஜூலை 13 அன்று டூர் பந்தயத்தில், ஆல்ப்ஸ் மலையின் கோல் தூ கிரனோன் ஏற்றத்தில் பொகாச்சாருக்கு அது நடந்தது. டென்மார்க்கின் யோனஸ் விங்கெகோவும் அவருடைய அணியினரும் முந்தைய கலிபியே மலையிலேயே மாறி மாறித் தாக்கி அவரைப் பதில் சொல்லவைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தாக்குதலுக்கும் அவரே துரத்திப் போனார். கடைசி மலையில் குடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. 2 நிமிடம் 51 நொடி இழந்து, மொத்தக் கணக்கில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையையும் விங்கெகோவிடம் கொடுக்க நேர்ந்தது. அன்று காலை வாட் கணக்கை மட்டும் பார்த்தவர் யாரும் இந்த இடைவெளியைச் சொல்லியிருக்க முடியாது.

கிரனோன் உச்சி 2,413 மீட்டர். உயரமும் தனியாக ஒரு வரி வசூலிக்கிறது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக்கு ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவு குறைகிறது. நெடுநேரம் தரக்கூடிய பலம் பத்தில் ஒரு பங்கு வரை இறங்கலாம்; இந்த இறக்கம் ஆளுக்கு ஆள் மாறுபடும். உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்களும், பந்தயத்துக்கு முன் சில வாரம் மலைமேல் தங்கிப் பயிற்சி செய்தவர்களும் குறைவாக இழப்பார்கள். கொலம்பியா, எக்குவடோர் நாட்டு வீரர்களின் பெயர் உயரமான உச்சிகளில் அடிக்கடி அடிபடுவதற்கு இது ஒரு காரணம்.

வெயில் அதைவிடப் பெரிய வரி. மிதிக்கும் உடல் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது, மீதி வெப்பமாகிறது. 265 வாட் தரும் ஒல்லியான வீரரின் உடல் ஓர் இஸ்திரிப்பெட்டி அளவுக்குச் சூட்டை வெளியே தள்ளவேண்டியிருக்கிறது. சமதளத்தில் முகத்தில் அடிக்கும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோகும். மேட்டில் வேகமில்லை, காற்றுமில்லை. வியர்வை காயாமல் சொட்டும். பெரிய உடலுக்கு எடைக்கு ஏற்ற தோல்பரப்பு குறைவு என்பதால், வெயில் ஏற ஏறச் சிறிய உடல்காரரின் பக்கம் தராசு சாயும். வட தமிழ்நாட்டின் சித்திரை வெயிலில் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் பந்தயத்துக்கும் பத்து மணிக்குத் தொடங்கும் பந்தயத்துக்கும் ஒரே ஆளைக் கணிப்பது தவறு.

இதுவரை சொன்னதெல்லாம் மலையில் யார் பலசாலி என்ற கேள்விக்கான விடை. பலசாலிதான் முதலில் வருவாரா என்பது வேறு கேள்வி. பல நாள் நடக்கும் பந்தயத்தில் மொத்த நேரம் குறைவாக எடுத்தவருக்கே பட்டம். அன்றைய நாளின் வெற்றியை யார் எடுத்தாலும் பட்டத்துக்குப் போட்டியிடுபவருக்குக் கவலையில்லாத நாட்கள் உண்டு. அத்தகைய நாளில், மொத்தக் கணக்கில் அரை மணி நேரம் பின்தங்கிய பத்துப் பதினைந்து பேர் காலையிலேயே பிரிந்து முன்னே போய்விடுவார்கள். பெருங்கூட்டம் அவர்களைத் துரத்தாமல் விட்டால், மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஐந்தாறு நிமிட முன்னிலை இருக்கும். உலகிலேயே வேகமாக ஏறுபவருக்கும் அந்த இடைவெளியை மூடுவது கடினம்.

2023 ஜூலை 19 அன்று கோல் தெ லா லோஸ் மலையைத் தாண்டிக் கூர்ஷெவெலில் முடிந்த டூர் பந்தயத்தின் ஒரு நாள் கட்டத்தில் எல்லோருடைய கண்ணும் விங்கெகோ, பொகாச்சார் இருவர் மீதே இருந்தது. பொகாச்சார் அன்று முற்றிலும் ஓய்ந்து, விங்கெகோவுக்கு ஐந்தே முக்கால் நிமிடம் பின்னால் வந்தார். கட்டத்தை ஜெயித்ததோ இருவருமல்ல, முன்னே பிரிந்து போயிருந்த ஆஸ்திரியாவின் ஃபெலிக்ஸ் கால். 2025 ஜூலையில் மோன் வாந்து உச்சியிலும் அப்படியே நடந்தது. முன்கூட்டத்தில் இருந்த பிரான்ஸின் வலந்தான் பாரே-பாந்த்ர் கடைசிச் சில மீட்டரில் அயர்லாந்தின் பென் ஹீலியை முந்தினார். மலையை அவரைவிட வேகமாக ஏறிய பொகாச்சாரும் விங்கெகோவும் ஒரு நிமிடத்துக்குள் பின்னால் வந்துசேர்ந்தார்கள்.

எனவே கணிப்பவர் முதலில் கேட்கவேண்டியது, இன்று முன்கூட்டத்தைத் துரத்த எந்த அணிக்கு ஆசை, எந்த அணிக்கு ஆள்பலம் என்பதை. பழைய பிரெஞ்சு வர்ணனையாளர் ரொபேர் ஷபாத் பெயரால் வழங்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: துரத்தும் பெருங்கூட்டம் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற வீதத்தில் இடைவெளியை மூடும். அது சமதளத்துக்கான கணக்கு. கடைசி மலைக்கு முன் நீண்ட சமவெளி இருந்தால் துரத்துவோருக்கு வாய்ப்பு. மலைக்குப் பின் மலையாக வந்தால் முன்னே போனவர்களுக்கு வாய்ப்பு. பட்டத்துக்குப் போட்டியிடும் தலைவரே இந்த உச்சியில் ஜெயிக்க ஆசைப்படுகிறாரா என்பதையும் பார்க்கவேண்டும். அவர் ஆசைப்பட்டால் அவருடைய அணியினர் வரிசைகட்டி முன்னே இழுப்பார்கள். முன்கூட்டத்தின் கதை அதோடு முடிந்துவிடும்.

எல்லாக் கணக்கும் பொய்த்த நாளாக இன்னும் பேசப்படுவது 2020 செப்டம்பர் 19. டூர் பந்தயத்தின் கடைசிக்கு முந்தைய நாள், ஒவ்வொருவராகத் தனித்து ஓட்டும் 36.2 கிலோமீட்டர் கட்டம். அதன் கடைசி 5.9 கிலோமீட்டர் லா பிளான்ஷ் தெ பெல் ஃபீ மலை. ஸ்லோவேனியாவின் பிரிமொஷ் ரோக்லிச் 57 நொடி முன்னிலையில் இருந்தார். அந்த வகைக் கட்டத்தில் தேர்ந்தவர் அவர். 22ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் பொகாச்சார் அவரைவிட 1 நிமிடம் 56 நொடி வேகமாக ஓட்டிப் பட்டத்தையே எடுத்துவிட்டார். இங்கே ஒளிந்துகொள்ள மறைவும் இல்லை, அணியின் உதவியும் இல்லை. பலத்தை மட்டும் அளக்கும் கட்டம் அது. கணித்தவர்கள் தவறியது ஒரே இடத்தில்தான்: வளர்ந்துகொண்டிருக்கும் இளைஞர் ஒருவருடைய நேற்றைய எண்களை இன்றைய எண்களாக எடுத்துக்கொண்டார்கள். இருபது இருபத்திரண்டு வயதில் இருப்பவர்களின் பழைய நேரங்களுக்கு ஒரு கணிசமான தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டும்.

நல்ல முன்கணிப்பு ஒரே பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. வானிலை அறிக்கை மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று சொல்வதுபோல, ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்பு சதவீதத்தைத் தருகிறது. 2024 டூர் பந்தயத்தில் 176 பேர் புறப்பட்டார்கள். ஒரு மலை முடிவில் ஒருவருக்கு மட்டும் 50 சதவீதம் கொடுப்பதே மிகப் பெரிய நம்பிக்கை. அவர் பத்துக்கு ஐந்து முறை தோற்பார் என்பதும் அந்தக் கணிப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு நாள் முடிவை வைத்துக் கணிப்பவரைப் பாராட்டவோ ஏசவோ முடியாது. அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் 1950-ல் மழைக் கணிப்புகளைச் சோதிக்க ஒரு முறை கொண்டுவந்தார். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை வர்க்கமாக்கி, பல நாட்களுக்குச் சராசரி எடுப்பது. நடக்கும் என்று 0.9 சொல்லி நடக்காமல் போனால் 0.81 தண்டம், 0.6 சொல்லி நடக்காமல் போனால் 0.36 தான். அளவுக்கு மீறிய உறுதிக்கு இந்த முறையில் பெரிய தண்டம் விழும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பருவம் முழுக்க எழுதிவந்தால் எந்த ரசிகரும் தன் கணிப்பின் தரத்தைத் தானே அறிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க மலைகளுக்குப் பஞ்சமில்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலைக்கு 36, ஏற்காட்டுக்கு 20. 2008 டிசம்பரில் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ பயணத்தில் பெரும்பாலும் தொழில்முறை அல்லாதவர்களே பங்கேற்கிறார்கள். அதில் நேரம் குறித்து ஓட்டும் பகுதிகளில் எல்லோரும் அஞ்சுவதும் ஆசைப்படுவதும் கல்லட்டி ஏற்றம்தான். அது நீளமும் செங்குத்தும் சேர்ந்தது, உச்சியை நெருங்கும்போது காற்றும் மெலிந்துவிடும். அங்கே ஊற்றுப் பெரியவருக்கே இடம்; குடத்தை நம்பி அடிவாரத்தில் பாய்ந்தவர்கள் நடுவழியில் இறங்கி வண்டியைத் தள்ளுவார்கள்.

திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பவை ஜவ்வாது மலையும் அதற்கு அப்பால் ஏலகிரியும். போளூர் பக்கமிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையானாலும், பாரி போன்ற வள்ளல்களின் பெயரும் புலவர்களின் பெயரும் தாங்கிய 14 வளைவுகளைக் கொண்ட ஏலகிரிச் சாலையானாலும், இவை நீலகிரியைப்போல ஒரு மணி நேர மலைகள் அல்ல. ஜவ்வாது மலையின் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் நிற்கும் இடமே 725 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மூச்சுக்குக் காற்று குறையாது, வெயில்தான் எதிரி. ஏறிமுடிக்க நன்கு பயின்றவருக்கு அரை மணி நேரம் முன்பின் ஆகும். எனவே இங்கே கல்லட்டியின் பழைய முடிவுகளை வைத்துக் கணிப்பதைவிட, 20 முதல் 40 நிமிடம் வரையிலான மேடுகளில் அண்மை மாதங்களில் எடுத்த நேரங்களை வைத்துக் கணிப்பது பொருந்தும். கைப்பேசிச் செயலிகளில் குறிப்பிட்ட மேட்டுக்கு யார் எத்தனை நிமிடம் எடுத்தார் என்ற பட்டியல் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அதில் மூன்று திருத்தம் செய்யவேண்டும். தனியாக ஓய்வோடு ஏறிய நேரமா, நீண்ட பயணத்தின் முடிவில் ஏறியதா என்று பார்க்கவேண்டும். பின்காற்று தள்ளிய நாளா என்று பார்க்கவேண்டும். இரண்டாண்டுக்கு முந்தைய நேரமென்றால், இளைஞருக்குச் சற்றுக் கூட்டியும் நாற்பதைத் தாண்டியவருக்குச் சற்றுக் குறைத்தும் பலத்தை மதிப்பிடவேண்டும்.

கடைசியாகப் பார்க்கவேண்டியது வெற்றிக்கோட்டுக்கு முந்தைய 500 மீட்டர். ஜவ்வாதும் ஏலகிரியும் உச்சியில் கூம்பாக முடிவதில்லை. வளைவுகள் தீர்ந்ததும் சாலை மேட்டுநிலத்தில் படுத்துவிடுகிறது. கோடு கடைசி வளைவிலேயே போடப்பட்டால் கிலோவுக்கு வாட் அதிகமுள்ளவர் முதலில் வருவார். கோட்டை ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டால் காற்று திரும்ப வந்துவிடும், மறைவும் திரும்ப வந்துவிடும்; இருபது முப்பது நொடி பின்னால் வரும் மூன்று நான்கு பேர் கூடி, தனியாகப் போகும் ஒல்லியானவரைப் பிடித்துவிடுவார்கள். அங்கே முடிவைத் தீர்மானிப்பது கட்டுமஸ்தானவரின் பெரிய குடம்தான்.